நிறையப் பார்க்கிறேன், வரைய உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறீர்கள். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் படம் வரைகிறீர்கள். நல்ல ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்து, பிடித்ததையெல்லாம் போனில் சேமித்ததில் நாலாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆனால் வெள்ளைத் தாளை எடுத்து வைத்தால் கை ஓடவில்லை. ஓடினாலும், நேற்றுப் பார்த்த யாரோ ஒருவருடைய படத்தின் சாயலில்தான் வருகிறது. "இன்னும் நிறையப் பார்க்க வேண்டுமா, இல்லை எனக்குத் திறமையே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நாற்பது வருடமாகப் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் படம் போடுகிறவன். திறமை இருக்கிறதா என்ற கவலையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதை இந்தக் கட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கிற முறையைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும்.

ஒரு படத்தை இரண்டு மூன்று வினாடி பார்த்தால் கண்ணில் ஒட்டுவது அதன் மேல்தோற்றம்தான். நிறம், கோட்டின் பாணி, ஒரு மாதிரியான அழகு. அதை மனதில் எடுத்துக்கொண்டு வந்தால் மறுபடி அதையேதான் போட முடியும், வேறு வழியில்லை. அந்தத் தோற்றத்துக்கு அடியில் வரைந்தவர் எடுத்த தீர்மானங்கள் இருக்கின்றன. இந்த மூலையை ஏன் காலியாக விட்டார்? எல்லோரும் இந்தப் பக்கம் பார்க்கும்போது இவளை மட்டும் ஏன் அந்தப் பக்கம் திருப்பினார்? இந்தக் கையை ஏன் இவ்வளவு நீளமாக்கினார்? இப்படிப்பட்ட தீர்மானத்தை நீங்கள் உங்கள் வீட்டுக்கு, உங்கள் தெருவுக்கு, உங்கள் பாட்டியின் முகத்துக்குக் கொண்டுவர முடியும். அப்போது அது உங்களுடையதாகிவிடும். தீர்மானங்கள் கண்ணுக்குத் தெரிய நேரமாகும் என்பதுதான் சிரமம்.

எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மறைவாகக் கணக்கெடுத்து, 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 27 வினாடி. அவர்களில் பாதிப் பேர் 17 வினாடிக்கு மேல் நிற்கவில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்த நேரமும் அதற்குள் அடக்கம். எல்லோர் கையிலும் இந்த மாதிரி போன் வருவதற்கு முன்னால் எடுத்த கணக்கு இது. ஆகவே உங்கள் தலைமுறையைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து, வரிசையில் நின்று, உலகத்தின் மிகச் சிறந்த ஓவியங்களைப் பார்க்க வந்தவர்களே அவ்வளவுதான் நின்றிருக்கிறார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு பாறை. இருபத்தோரு வயதில் என் ஆசிரியர் எங்களை மாமல்லபுரம் அழைத்துப் போனார். மற்றவர்களை ஆளுக்கு ஒரு மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, என்னை மட்டும் அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நிறுத்தினார். "மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அதுவரைக்கும் இந்தப் பாறையை விட்டு நகராதே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது காலை ஏழரை மணி இருக்கும். எனக்கு உள்ளுக்குள் கோபம். புத்தகத்திலும் தபால் அட்டையிலும் நூறு தடவை பார்த்த சிற்பம். இதில் நாலரை மணி நேரம் பார்க்க என்ன இருக்கிறது?

சுமார் 90 அடி நீளம், 40 அடி உயரமுள்ள பாறைமுகம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. நடுவில் இயற்கையாகவே ஒரு பெரிய பிளவு. அந்தப் பிளவையே ஆறாக்கி, அதில் நாகர்கள் நீந்தி மேலேறுவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தேவர்கள், கந்தர்வர்கள், கணங்கள், வேடர்கள், மிருகங்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். முதல் இருபது நிமிடம் நான் செய்தது கணக்கெடுப்பு. இது யானை, இது சிவன், இது ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, அது தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனை. பெயர் சொல்லி முடித்ததும் வேலை முடிந்த மாதிரி இருந்தது. அப்புறம் வந்தது சலிப்பு. உடம்பெல்லாம் பரவுகிற சலிப்பு. இளநீர் குடிக்கத் தோன்றியது. கடற்கரைக் கோயில் பக்கம் போன நண்பர்கள் மேல் பொறாமை வந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும், வேறு வழியில்லாமல் மறுபடி பார்த்தேன். அப்போதுதான் முதல் விஷயம் தட்டுப்பட்டது. இரண்டு பக்கத்திலும் இருக்கிற கூட்டம் முழுவதும் அந்தப் பிளவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மடங்கிய முழங்கால்கள், உயர்ந்த கைகள், திரும்பிய தலைகள் எல்லாம் ஒரே இடத்துக்கு இழுக்கின்றன. சிற்பத்தின் நடுவில் இருப்பது கல்லே இல்லாத ஓர் இடைவெளி. செதுக்க வந்தவர்கள் அந்தப் பிளவை ஒரு குறையாக நினைத்து வேறு பாறை தேடிப் போயிருக்கலாம். அவர்கள் அதையே மையமாக எடுத்துக்கொண்டார்கள். இதை யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் 'ஓகோ' என்று தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். நானே கண்டுபிடித்ததால் உடம்பில் ஏறிவிட்டது.

அடுத்தது கைகள். மேலே தவசி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார். கீழே, ஆற்றங்கரையில் இருக்கும் சிறு கோயிலுக்குப் பக்கத்தில், இன்னொருவர் அதேபோல் கைகளைத் தூக்கிச் சூரியனைப் பார்க்கிறார். பிளவுக்கு மறுபக்கம், யானைக்குப் பக்கத்தில் பூனையும் பின்னங்கால்களில் நின்று அதேபோல் கைகளைத் தூக்கியிருக்கிறது. தவசிக்கு விலா எலும்பு தெரிகிறது, பூனைக்கும் தெரிகிறது. ஒரே அசைவு மூன்று இடங்களில் மூன்று பொருளோடு வருகிறது. பாட்டில் பல்லவி திரும்ப வருகிற மாதிரி. பூனையை அதுவரை ஒரு வேடிக்கைத் துணுக்காகத்தான் நினைத்திருந்தேன். அது அந்த அமைப்பில் ஒரு தூண்.

பிறகு அந்த மான். ஆற்றங்கரையில் ஒருவன் துணியைப் பிழிகிறான், ஒருவன் தோளில் குடம் சுமந்து வருகிறான். தேவலோகமே திரண்டு வருகிற இந்த நேரத்தில், ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அதற்கு எந்தக் கவலையும் இல்லை. அந்த மானைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு நடுவில் இதைச் செதுக்க ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அந்த மான் இருப்பதால்தான் மற்றதெல்லாம் நிஜமாக நடக்கிறது என்று நம்ப முடிகிறது. மத்தியானம் ஆசிரியர் வந்தபோது இன்னும் அரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு எந்தப் 'படைப்பு யோசனை'யும் எனக்கு வரவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். எட்டு வருடம் கழித்து ஒரு வார இதழில் சாவு வீட்டைப் பற்றிய கதைக்குப் படம் போட வேண்டியிருந்தது. அழுகிற பெண்களைப் போட்டேன், கிழித்தேன். மறுபடி போட்டேன், மறுபடி கிழித்தேன். எல்லாம் சாவு வீட்டுப் படம் மாதிரியே இருந்தது, அந்தக் கதையின் வீடாக இல்லை. இரவு பதினொரு மணிக்கு அந்த மான் நினைவுக்கு வந்தது. கூடத்தில் கூட்டம், அழுகை. வாசற்படியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், கொசு கடித்த கெண்டைக்காலை மற்றக் கால் விரல்களால் சொறிந்துகொண்டு தெருவைப் பார்க்கிறான். அந்தப் படம்தான் அச்சானது. வருடங்கள் கழித்து அதைத் திரும்பப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. அந்தப் பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். தவசியையும் சேர்த்தே எடுத்துவந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

உங்களிடம் இருக்கிற நாலாயிரம் படங்களில் எந்த ஒன்றுக்கும் இப்படி உள்ளே போய்த் தங்குவதற்கு நேரம் கொடுக்கப்படவில்லை. வேறு குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சலிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் முதலில் மோதப்போவது அதில்தான். கண்ணுக்கு முன்னால் இருப்பதற்கெல்லாம் பெயர் வைத்து முடிக்கும்வரை மனம் உற்சாகமாக இருக்கிறது. பெயர்கள் தீர்ந்ததும் 'பார்த்தாயிற்று' என்கிறது. அங்கிருந்து எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், செய்ய வேறொன்றும் இல்லாததால், பொருள்களுக்கு நடுவில் இருக்கும் உறவுகளை அது பார்க்கத் தொடங்குகிறது. ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் என்ற பேராசிரியர் தன் மாணவர்களை ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார். அவரே அப்படி உட்கார்ந்து பார்த்த ஓவியம் ஒன்று. ஜான் சிங்கிள்டன் காப்ளி 1765இல் தீட்டியது, பறக்கும் அணிலைச் சங்கிலியில் பிடித்திருக்கும் ஒரு சிறுவன். சிறுவனின் காது மடலின் வளைவும் அணிலின் வயிற்றோர மயிரின் வளைவும் ஒன்றுபோல இருப்பது தெரிய அவருக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. சங்கிலியைப் பிடித்த விரல்களின் இடைவெளியும் கீழே இருக்கும் தண்ணீர்க் கோப்பையின் விட்டமும் ஒரே அளவு என்பது தெரிய 21 நிமிடம். பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகளுக்கும் சிறுவனின் காது, கண்ணுக்கும் உறவிருப்பது தெரிய 45 நிமிடம். தொழிலே பார்ப்பதாக இருக்கும் ஒருவருக்கே இத்தனை நேரம் ஆகியிருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

மூன்று மணி நேரம் உங்களுக்கு வேண்டாம். முதல் தடவை நாற்பது நிமிடம் போதும். ஆனால் சும்மா உட்கார்ந்து முறைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் மனம் அலுவலகத்துக்குப் போய்விடும். கண்ணைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும், பென்சில்தான் அந்தக் கயிறு. அங்கே நீங்கள் வரைவது யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோடு தப்பினால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்கள். நான் மாணவர்களுக்கு விடாமல் சொல்லும் ஒரு பயிற்சி உண்டு. ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு முதுகைத் திருப்பி உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். கை எங்கெங்கே தயங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். திரும்பி அந்த இடங்களை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் சலிப்பு எங்கே போனதென்று தெரியாது. வரையாதவர்கள், எழுதுகிறவர்கள், கண்ணால் கண்டதை வாக்கியமாக எழுதிப் பார்க்கலாம். 'அழகு', 'அற்புதம்' போன்ற சொற்களைத் தொடாமல், எது எங்கே எப்படி இருக்கிறது என்று மட்டும்.

நகலெடுப்பது தவறு என்று ஒரு பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. தெரியாமல் சாயல் ஒட்டிக்கொள்வது வேறு. ஒரு படத்தைத் தெரிந்தே, கோடு கோடாக, மெதுவாகப் பின்தொடர்வது வேறு. வின்சென்ட் வான்கோ 1889இலும் 1890இலும் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, மில்லே என்ற முந்திய தலைமுறை ஓவியரின் படங்களைப் பார்த்து இருபது ஓவியங்கள் அளவுக்கு வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப்படங்கள். வண்ணமெல்லாம் அவரே தீர்மானித்தது. இசைக்கலைஞர் இன்னொருவர் இயற்றியதை வாசிக்கிற மாதிரித்தான் இது என்று தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கீர்த்தனையை முந்நூறு பேர் பாடிக் கேட்கிற ஊர் இது. யாரும் அதை நகல் என்று சொல்வதில்லை. யார் எந்தச் சொல்லில் நின்று நிரவல் செய்தார் என்றுதான் கேட்கிறோம். நீங்களும் ஒரு படத்தை எடுத்து, அதில் ஒன்றை மட்டும் மாற்றிப் போடுங்கள். நிறத்தை, அல்லது நேரத்தை, அல்லது ஆளை. எதை மாற்றினால் படம் உடைகிறது, எதை மாற்றினாலும் நிற்கிறது என்பது தெரியும். எதை மாற்றினால் உடைகிறதோ அதுதான் அதன் எலும்பு.

கோயம்புத்தூரில் பெரிய அருங்காட்சியகம் இல்லையே என்று நினைக்கலாம். அசலைப் பார்ப்பதற்கு ஈடில்லைதான். ஆனால் ரோதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரை அவர் பார்த்தது புகைப்படங்களில்தான். அப்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல், உலகப் புகழ் பெற்றவர், புதிதாகக் கற்றுக்கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லாதவர். அந்தப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு வாய், கண், கை, கால் என்று உறுப்பு உறுப்பாக, பக்கம் பக்கமாகப் பார்த்து, 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்தது 1921இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து. அந்தப் புகைப்படங்களே அவருக்குப் போதுமாயிருந்தன.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது, இது நமக்குப் பழைய பாடம் ஆயிற்றே என்பதுதான். தில்லைக் கூத்தனை அப்பர் பார்த்த விதத்தை எண்ணிப் பாருங்கள். வளைந்த புருவம், கோவைச் செவ்வாயில் அரும்பும் சிரிப்பு, பனித்த சடை, பவளம் போன்ற மேனி, அதில் பூசிய பால்போன்ற நீறு, கடைசியில் தூக்கிய பாதம். ஒரே பாட்டில் கண் புருவத்தில் தொடங்கி, ஒவ்வோரிடமாக நின்று நின்று, பாதத்தில் வந்து முடிகிறது. இதைக் காண்பதற்காகவே மனிதப் பிறவி வேண்டும் என்று முடிக்கிறார். சிறு வயதிலிருந்து நாம் வேகமாக ஒப்பித்த பாட்டு. அது பார்ப்பதற்கான ஒரு வழிமுறையாகவும் இருக்கிறது. அடுத்த தடவை ஒரு நடராசர் முன் நிற்கும்போது அந்தப் பாட்டின் வேகத்தில், ஒரு சொல்லுக்கு ஓரிடம் என்று கண்ணை நகர்த்திப் பாருங்கள். பக்தி இருக்கிறதோ இல்லையோ, பார்வை மாறும்.

இன்னொரு பெரிய உதவி, அந்தப் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒருமுறையாவது நேரில் பார்ப்பது. கும்பகோணம் பக்கம் போனால் சுவாமிமலையில் ஏதாவது ஒரு பட்டறையில் அரை நாள் உட்காருங்கள், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஸ்தபதி முதலில் தென்னங்கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, கணக்குப்படி மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார். அதை ஒடியோலை என்பார்கள். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை மெழுகில் செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். இதைப் பார்த்துவிட்டு நான் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போய் வெண்கலச் சிலைகளைப் பார்த்தபோது, அவற்றின் விரல்களிலும் ஆடை மடிப்புகளிலும் மெழுகின் இளக்கம் இன்னும் இருப்பது தெரிந்தது. கெட்டியான உலோகம் ஒரு காலத்தில் கைச்சூட்டுக்கு வளைந்த பொருளாக இருந்திருக்கிறது என்று தெரிந்து பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றில்லை. மாமல்லபுரத்திலும் இதற்கு வழி உண்டு. அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட இன்னொரு பாறை அந்த ஊரிலேயே இருக்கிறது. பெரும்பாலோர் நிற்காமல் கடந்துபோகிறார்கள். எனக்கோ முடிந்த சிற்பத்தைவிட அதில்தான் உளியின் யோசனை அதிகம் தெரிகிறது.

படிப்பது? படியுங்கள், ஆனால் பார்த்த பிறகு. அந்தப் பாறை அர்ச்சுனன் சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டிச் செய்த தவமா, பகீரதன் கங்கையை இறக்கிய கதையா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே நினைக்கப்பட்டிருக்கலாம் என்பவர்களும் உண்டு. முதலிலேயே இதைப் படித்துவிட்டுப் போனால் கண் சாட்சி தேடத் தொடங்கிவிடும், ஒரு கட்சிக்கு வக்கீலாகிவிடும். முதல் தடவை வெறும் கண்ணோடு போங்கள். இரண்டாம் தடவைக்கு முன் படியுங்கள்.

தஞ்சாவூர் போகும் வாய்ப்புக் கிடைத்தால் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், முன்னால் நில்லுங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலம், முதலாம் இராசராசன் காலம். ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே போட்டு, பாம்புபோல் சுருட்டிய சடையோடு, ஒரு கையைப் பக்கத்தில் நிற்கும் காளையின்மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை, காலத்தில் தொலைந்துவிட்டது. கை மட்டும் காற்றில், காளை இருந்த இடத்தில், இன்னும் தளர்வாகச் சாய்ந்திருக்கிறது. முதல் பத்து நிமிடம் நான் கையைப் பார்த்தேன். பிறகு அந்தக் கைக்குக் கீழே காளையைப் பார்த்தேன், அதன் உயரம், திமில், அது நிற்கும் கோணம் எல்லாம் அந்தக் கையிலேயே எழுதியிருக்கிறது. இல்லாத ஒன்றை இருப்பதைக் கொண்டு காட்ட முடியும் என்பதை எந்த வகுப்பும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. இறந்துபோனவர்களைப் பற்றிய கதைகளுக்குப் படம் போடும்போதெல்லாம் இந்தக் கையிடம்தான் போகிறேன். ஒருமுறை நாற்காலி ஒன்றைப் போட்டேன், அதன் கைப்பிடியில் துணி தேய்ந்த இடம் மட்டும். அவ்வளவுதான் படம்.

எல்லாக் கலையும் இப்படித் திறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் கொடுக்காத படங்கள் உண்டு. சிலவற்றில் உள்ளே உண்மையாகவே ஒன்றும் இருக்காது. சிலவற்றுக்கு நாம் இன்னும் தயாராகவில்லை. இரண்டில் எது என்று அப்போது தெரியாது, வருத்தப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு முப்பது வயதில் ஒன்றுமே சொல்லாத சித்தன்னவாசல் குகை ஓவியத்துத் தாமரைக்குளம் ஐம்பது வயதில் பேசியது.

இனி உங்களுக்கு. அந்த நாலாயிரத்தை அழிக்க வேண்டாம், ஒரு மாதம் திறக்காமல் மட்டும் இருங்கள். அதிலிருந்து ஒரே ஒரு படத்தை, மற்றவர்கள் பாராட்டியதால் இல்லாமல் காரணம் தெரியாமலே உங்களைத் தொந்தரவு செய்கிற ஒன்றை, நல்ல தாளில் பெரிதாக அச்செடுத்து வரையும் மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கால் மணி நேரம் அதன்முன் உட்காருங்கள். அன்றைக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்றை ஒரு வரி எழுதுங்கள். ஒன்றும் தெரியாத நாளில் 'ஒன்றும் இல்லை' என்று தேதி போட்டு எழுதுங்கள். அந்த வரிகளும் பிற்பாடு பயன்படும், எந்த நாளில் எதற்கு முந்தி மனம் மூடியிருந்தது என்று தெரியும்.

பிறகு ஒரு ஞாயிறு காலை பேரூருக்குப் பஸ் ஏறுங்கள். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. பட்டீசுவரர் கோயில் கனகசபையில் பதினேழாம் நூற்றாண்டு நாயக்கர் காலத் தூண்கள் இருக்கின்றன. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் சிற்பங்கள், மேலே கூரையில் கல்லிலேயே செய்து தொங்கவிட்ட சங்கிலிகள். கூட்டத்தோடு சுற்றிவந்தால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நீங்கள் சுற்ற வேண்டாம். யானையை உரித்துத் தோலைப் போர்த்த கஜசம்ஹாரர் தூணுக்கு நேராகப் போய், எதிர்த் தூணின் அடியில், வருகிறவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் விரிந்திருக்கும் அந்தத் தோலை முதலில் பாருங்கள், கல் எந்த இடத்தில் தோலாகிறது, எந்த இடத்தில் மறுபடி தூணாகிறது என்று. முன்னாலிருந்து ஒன்று வரையுங்கள், பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று. உச்சிக்கால பூசை மணி அடிக்கும்வரை வேறு தூணுக்குப் போகாதீர்கள். நோட்டில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அதையே அனுப்புங்கள், அதைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன்.